பத்தொன்பது

திரையில் பத்தொன்பது டிகிரி.
அலமாரி மேலிருந்த மெழுகுவத்தி
இடுப்பொடிந்து குனிந்துவிட்டது.
ஜன்னல் நான்கும் திறந்து கிடக்கின்றன.
வெளியே பூஜ்யத்துக்குக் கீழே ஒன்பது,
பூனை பனிமேல் போய் உட்கார்ந்து
எங்களை வேடிக்கை பார்க்கிறது.
திரையில் இன்னும் பத்தொன்பது.
நான் கேட்டு வைத்தது இருபத்தொன்று.
அந்த இரண்டு டிகிரிக்காகத்தான்
கணப்பு இப்படி விழுங்குகிறது.

போனில் நீவெஸ்:
"பிளக்கைப் பிடுங்கித் தொலைக்காதே.
புகையைத் தள்ளும் ஃபேன் நின்றுவிடும்,
புகை உன்னைத் தேடி வரும்.
தொட்டியைக் காலி பண்ணு.
தொல்மெட்சோவிலிருந்து கிளம்புகிறேன்,
வளைவெல்லாம் பனி. நாற்பது நிமிஷம்."

எரிகிறதைப் பிடுங்கினால்
கொதிக்கிறது அடங்கும்.
பொலெந்தா கிண்டும் சட்டியால் பெல்லட்டை அள்ளி
குளியல் தொட்டியில் கொட்டினோம்,
ஓர்னெல்லா ஒரு சட்டி, நான் ஒரு சட்டி.
கணப்பின் வயிற்றில் அடித்தோம் என்றுதான்
சொல்ல வேண்டும்.
அடித்தட்டில் திருகுதண்டு மட்டும்
வெறும் வாயை மென்றபடி சுற்றிக்கொண்டிருந்தது.

நீவெஸ் பூட்ஸைக் கழற்றவில்லை.
நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு
பக்கத் தகட்டைத் திறந்தாள்.
முதலில் வெப்பம் உணரும் வயர்.
ஒரு கோப்பை வெந்நீர் கேட்டாள்,
டீக்கு என்று நினைத்தேன்,
வயரின் நுனியை அதில் முக்கினாள்.
மீட்டரில் எண் மளமளவென்று இறங்கியது.
"இவன் ஒழுங்காகத்தான் சொல்கிறான்."
திரையில் பத்தொன்பது.
"கேட்கிறவனுக்குத்தான் காது இல்லை."

பிறகு பட்டனை அழுத்தி அணைத்தாள்.
திரை இருண்டது.
தண்டு நிற்கவில்லை.
மோட்டாரின் இரண்டு முனையிலும் மீட்டரை வைத்தாள்:
இருநூற்று இருபத்தெட்டு வோல்ட்.
போர்டைக் கழற்றி விளக்கில் காட்டினாள்.
மூலையில் மூன்று கால் உள்ள
கறுப்புப் பூச்சி போல ஒன்று,
முதுகு வெடித்து, கருகி.
"கதவு திறந்தபடியே உருகிப் போச்சு.
போ என்றாலும் போகும்,
நில் என்றாலும் போகும்."

அத்தோடு முடிந்திருக்கலாம்.
விளக்கைப் பின்பக்கம் திருப்பினாள்.
"இவ்வளவு சூட்டில்
பாதுகாப்பு சுவிட்ச் ஏன் விழவில்லை?"
கேள்வி என்னைப் பார்த்து இல்லை, தகட்டைப் பார்த்து.
இரண்டு விரல் நீளத்துக்கு மஞ்சள் வயர்,
சுவிட்சின் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு,
பாலம் போட்ட மாதிரி.

"யார் போட்டது இது?"

"போன வருஷம் வந்த மெக்கானிக்காக இருக்கும்" என்றேன்.

"போன வருஷம் வந்தது நான்தான், எர்மெஸ்."

ஓர்னெல்லா கையில் இன்னும் சட்டி.

நவம்பரில் நாலு முறை அணைந்தது.
காகித ஆலையில் எனக்கு இரவு ஷிஃப்ட்.
ஒவ்வொரு முறையும் ஓர்னெல்லா போன் செய்வாள்,
கம்பளிக்குள்ளிருந்து வருகிற குரல்.
ஒவ்வொரு முறையும் நான் சொல்வேன்:
பின்னால் ஒரு மூடி இருக்கும், திருகு, அழுத்து.
ஒரு ஞாயிற்றுக்கிழமை
மஞ்சள் வயரை வெட்டினேன்.
பிறகு போன் வரவில்லை.
சரி செய்துவிட்டதாகவே நம்பினேன்.

நீவெஸ் திட்டியிருக்கலாம்.
"அணைந்தது கோளாறு இல்லை,
அதுக்கு அதுதான் வேலை" என்று மட்டும் சொல்லி
வயரைப் பிடுங்கி
என் சட்டைப் பையில் போட்டாள்.
புதுப் போர்டு வெள்ளிக்கிழமை உதினேயிலிருந்து வரும்.
பழைய போர்டின் அமைப்பு எண்களை
மாவுப் பையின் முதுகில் எழுதிக்கொண்டாள்.
வந்ததற்கு அறுபது யூரோ, ரசீதோடு.
வெந்நீர்க் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள்.

இரவு வீடு மெல்ல ஆறியது.
பூனை உள்ளே வந்து,
குளியல் தொட்டியில் பெல்லட் மேல் சுருண்டுகொண்டது.
நேற்று எனக்கு ஷிஃப்ட்.
நேற்று இவள் தனியாக, மாடியில், தூக்கத்தில்.
நான் அதைச் சொல்லவில்லை.
அவளும் சொல்லவில்லை.
மூன்று கம்பளிக்கு அடியில்
இரண்டு பேரும் கூரையைப் பார்த்துக் கிடந்தோம்.

வெகு நேரம் கழித்து,
"இப்போ எத்தனை டிகிரி இருக்கும்?" என்றாள்.

"பத்தொன்பது" என்றேன்.

சிரித்தாளா என்று
இருட்டில் தெரியவில்லை.